பிராக்கில் ஒரு கடல்

"சனி, ஞாயிறு எங்களுக்கு லீவுதானே?"

வெளிநாட்டில் ஒரு தவணை படிக்கப் போகிறவர்களுக்காக ரொறன்ரோவில் எங்கள் பல்கலைக்கழகம் வைத்த கூட்டத்தில், பிறகு நான் அக்கா என்று கூப்பிடத் தொடங்கியவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். மற்றவர்கள் எல்லாரும் புள்ளி குறையுமா, காப்புறுதி யார் கட்டுவது, விடுதியில் சமைக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தை நடத்திய பெண் அக்காவை யாரோ ஒரு மாணவியின் தாய் என்று நினைத்துவிட்டார். பெற்றோருக்கு வேறு நாளில் கூட்டம் இருக்கிறது என்று பணிவாகச் சொன்னார். அக்கா தன் மாணவர் அட்டையை எடுத்து நீட்டினார். அவருக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. எனக்கு இருபது.

அந்த மண்டபத்தில் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா கதவுக்குப் பக்கத்துக் கதிரையில், குளிர்ச்சட்டையைக் கழற்றாமல், யாரோ கூப்பிட்டால் உடனே எழும்பிப் போகிறவர் மாதிரி நுனியில் இருந்தார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "நீர் எந்த இடம்?" என்றார்.

"சென் ஜேம்ஸ் ரவுண்."

"நான் ஒஷாவா. ரெயினுக்கு இன்னும் நேரம் கிடக்கு. நடந்துகொண்டு கதைப்பம், வாரும்."

பனி கொட்டிக்கொண்டிருந்தது. நிலையம் வரைக்கும் சுரங்கப் பாதையால் நனையாமல் போயிருக்கலாம். அக்கா தெருவால்தான் வந்தார். மகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு கணக்கியல் படிக்கச் சேர்ந்ததையும், அதற்கு முன்னால் பாண் தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் வேலை செய்ததையும் நடந்து நடந்தே சொன்னார். பிறகு அவரோடு நான் கதைத்ததெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான். அவர் முன்னால், நான் இரண்டடி பின்னால்.

பிரான்சில் ஸ்ராஸ்பூர் என்ற ஊருக்கு எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார்கள். ஜெர்மனிக்குக் கரையில் இருக்கிற ஊர். ஆற்றுக்கு மேலால் போகிற ட்ராமில் ஏறினால், இறங்கும்போது வேறு நாடு. விடுதியில் எங்கள் அறைகள் ஒரே நடைகூடத்தில் இருந்தன. அக்காவின் அறைக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். ஜனவரி மாதக் குளிரில் யன்னலும் திறந்திருக்கும். திரைச்சீலையை அவர் வந்த முதல் நாளே கழற்றி, மடித்து, அலுமாரிக்குள் வைத்துவிட்டார். நெருப்புப் பிடித்தால் ஆபத்து, கதவைச் சாத்தி வையுங்கள் என்று விடுதிப் பொறுப்பாளர் வந்து சொல்லுவார். அக்கா தலையை ஆட்டிச் சாத்துவார். அந்த ஆள் படியிறங்கும் சத்தம் கேட்டதும் திறப்பார்.

முதல் வெள்ளிக்கிழமை பின்னேரம் என் கதவைத் தட்டினார். முதுகில் பை.

"வெளிக்கிடும்."

"எங்க அக்கா?"

"பாசெல்."

"அங்க என்ன இருக்கு?"

"ஊர் இருக்கும்," என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. பாசெல், லக்சம்பேர்க், கொலோன், பிரசல்ஸ். ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பஸ் அல்லது ரயில், ஒவ்வொரு ஞாயிறும் நொந்த கால். ஒரு நகரத்தில் இறங்கினால் அக்கா வரைபடம் பார்க்க மாட்டார். நிலையத்து வாசலில் நின்று இரண்டு பக்கமும் ஒருக்கால் பார்ப்பார். எந்தப் பக்கம் சனம் கூடப் போகிறதோ அந்தப் பக்கம் நடப்பார். பிறகு சனம் இல்லாத பக்கம். சந்தை, பாலம், பள்ளிக்கூட மதில், உடுப்புக் காயப்போட்ட மாடிகள், ட்ராம் போய்த் திரும்புகிற கடைசித் தரிப்பு. படம் எடுக்க மாட்டார். காலையில் சம்பல் வைத்துக் கட்டிக்கொண்டு வந்த பாணை நின்றபடி தின்பார். நான் ஒரு வாங்கில் இருந்துவிட்டால் அந்த வாங்கைச் சுற்றி நடப்பார். எனக்குக் கோபம் வரும்.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிசம் இருங்கோவன்."

"நீர் இரும். நான் இஞ்சதான் நிக்கிறன்," என்பார். நிற்க மாட்டார்.

பாசெலுக்கு இரண்டாம் முறை போனபோது நான் பிடிவாதமாக ஓவியக் கூடத்துக்குப் போக வேண்டும் என்றேன். உள்ளே வரச் சொல்லிக் கெஞ்சினேன். "நீர் வடிவாப் பாத்திட்டு வாரும். அவசரமில்லை," என்று சொல்லி வாசலிலேயே நின்றுவிட்டார். நான் படங்களில் மயங்கி வெகுநேரம் நின்றுவிட்டேன். மேல்மாடி யன்னலால் தற்செயலாக எட்டிப் பார்த்தபோது வெளியே மழை. குடையில்லாமல் அக்கா அந்தக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். ஒரு மூலையில் மறைந்து மற்ற மூலையால் வந்தார். நான் கீழே ஓடிப் போனபோது அவருடைய சப்பாத்துக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது.

"ஏன் அக்கா உள்ளுக்கு வரேல்லை? வாசல் மண்டபத்தில எண்டாலும் நிண்டிருக்கலாமே."

"உள்ளுக்கு இருந்தது காணும் எனக்கு," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. ஒஷாவா வீட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். சமையல், மாமியார், பிள்ளை, பனி.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பஸ் புறப்பட்ட நேரம் தொடக்கம் பாஸ்போட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பார். சின்னப் பிள்ளைகள் ரிக்கற்றைப் பிடித்திருப்பது மாதிரி, பெருவிரல் மேலே. ஒருமுறை எல்லையில் ஜெர்மன் பொலிஸ் ஏறினார்கள். அக்காவின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. எங்களுக்கு முன்னால் இருந்த ஆபிரிக்கப் பெடியனிடம் நெடுநேரம் கேள்வி கேட்டார்கள். எங்களிடம் வந்ததும் அந்தப் பொலிஸ்காரர் கனடாப் பாஸ்போட்டின் மேலட்டையை ஒரு கண் பார்த்து, சிரித்து, தலையாட்டிவிட்டு அப்பால் போனார். நான் பெருமூச்சு விட்டேன். அக்கா விடவில்லை.

"எக்ஸ்கியூஸ் மீ," என்று கூப்பிட்டார். அவர் திரும்பி வந்தார். "யூ டிட் நாட் லுக் இன்சைட்."

பொலிஸ்காரருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு வாங்கி, திறந்து, படத்தையும் முகத்தையும் பார்த்து, "எல்லாம் சரி, மேடம்," என்று திருப்பிக் கொடுத்தார். அக்கா அதற்குப் பிறகுதான் சாய்ந்து இருந்தார். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. இவரோடு இனி வரக் கூடாது என்று அந்தப் பஸ்ஸில் முடிவெடுத்தேன். அடுத்த வெள்ளி கதவு தட்டப்பட்டதும் பையை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கணவர் போன் எடுப்பார். ரக் ஓட்டுகிறவர். கனடாவிலும் அமெரிக்காவிலும் அவர் போகாத பெருந்தெரு இல்லை. அக்கா நடந்துகொண்டே கதைப்பார். "ஓமப்பா, படிக்கிறன். ஓம், சாப்பிட்டன். இல்லை, அது வெளியில ஏதோ சத்தம்." பின்னால் ரயில் அறிவிப்பு மூன்று மொழியில் போய்க்கொண்டிருக்கும்.

ஒருநாள் என்னிடம் திரும்பி, "வீட்டை நான் இது கட்டாயம் எண்டுதான் சொன்னனான். இஞ்ச வராட்டி டிகிரி தரமாட்டினம் எண்டு. ஆரும் கேட்டா நீரும் அப்பிடியே சொல்லும்," என்றார்.

"கட்டாயமில்லையே அக்கா."

"எனக்குக் கட்டாயம்," என்றார். வேகமாக நடந்தார்.

பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பிராக் போனோம். தூரப் பயணம், ஜெர்மனி முழுவதையும் குறுக்கே கடக்க வேண்டும். வழமையாகப் பஸ்ஸில் யன்னலை விட்டுக் கண்ணெடுக்காத அக்கா அன்று மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லை தாண்டியதும் தானாகச் சொல்லத் தொடங்கினார்.

பத்தொன்பது வயதில், ஆட்களைக் கள்ளமாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிற ஒரு ஏஜென்ற் அவரைக் கனடாவுக்கு என்று கொழும்பிலிருந்து கூட்டி வந்தான். மொஸ்கோ, பிறகு இந்த பிராக். இங்கே மாசக் கணக்காக ஓர் அறைக்குள் வைத்திருந்தான். ஏழெட்டுப் பெண்கள். யன்னலுக்குப் பச்சைக் கட்டம் போட்ட போர்வையை ஆணி அடித்து மறைத்திருந்தார்கள். சத்தமாகக் கதைக்கக் கூடாது. பகலில் தண்ணீர் திறக்கக் கூடாது.

"நடக்கவும் கூடாது," என்றார். "நடந்தாக் கீழ்வீட்டுக்குக் கேக்கும். பாயில இருக்க வேணும். குண்டி மரத்துப் போகும். எழும்பி நிக்கலாம், காலைத் தூக்கி வைக்கேலாது. கொண்டு வந்ததும் இருட்டில, கொண்டு போனதும் இருட்டில. வானுக்குள்ள படுக்க வைச்சு மேல சாக்குப் போட்டுக் கொண்டு போனவங்கள்."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

"அது போகட்டும். ஊரில சண்டைக்குள்ள நிண்ட சனம் பட்டதோட பாத்தா இதொண்டும் இல்லை. போன வருசம் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில ஒரு புரொஜெக்ற். உங்கட குடும்பம் எந்த எந்த ஊரால கனடாவுக்கு வந்தது, அந்த ஊர் எப்பிடி இருந்தது எண்டு எழுத வேணும். அம்மா, யூ வேர் இன் பிராக், இல்லையா, அது எப்பிடி இருக்கும் எண்டு கேட்டவள். நான் யோசிச்சுப் பாத்தன். எனக்குப் போர்வையைத்தான் தெரியும். அதை எழுதச் சொல்லி எப்பிடிப் பிள்ளைக்குச் சொல்லுறது? கடல் இருக்கு எண்டு சொன்னன்."

"கடலோ?"

"ஓம். அங்க இரவு பகலா இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்களோட ஊர்காவற்றுறை அன்ரி ஒருத்தி இருந்தவ. தான் கடற்கரையில பிறந்தவள், இது கடல் இரைச்சல்தான் எண்டு அடிச்சுச் சொன்னவ. நாங்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேப்பம். பிராக்கில கடல் இருக்கு எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நம்பிக்கொண்டிருந்தனான்."

மகள் கடல் என்று எழுதி, நீல நிறத்தில் படமும் கீறிக்கொண்டு போனாள். வகுப்பில் வாசித்தபோது ரீச்சர் வரைபடத்தைக் காட்டினார். அந்த நாட்டுக்குக் கடலே இல்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து புத்தகப் பையை எறிந்துவிட்டு, "நீங்கள் அங்க போகவே இல்லை. யூ மேட் இற் அப்," என்று தாய்க்குச் சொன்னாள். பிறகு அக்கா எந்தப் பழைய கதை சொன்னாலும் அவள் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு எழும்பிப் போய்விடுவாளாம்.

"கூட்டத்தில ஐரோப்பா எண்டு சொன்ன உடனை எனக்கு வேற ஒண்டும் கேக்கேல்லை. ஆனா நேர இஞ்ச வரப் பயமாக் கிடந்தது. அதுதான் முதல் வேற ஊருகளில நடந்து பழகினனான்," என்றார்.

பிராக்கில் இறங்கியதும் நான் அந்த வீட்டைத் தேடுவோமா என்று கேட்டேன். தேடுவதற்கு ஏதாவது அடையாளம் ஞாபகம் இருக்கிறதா?

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. "அந்த வீட்டை ஏன் தேடுவான்? அதை ஒண்டைத்தானே நான் பாத்திட்டன். மிச்சத்தைப் பாப்பம்."

மிச்சத்தைப் பார்த்தோம். மலை, மலையிலிருந்து தெரிந்த சிவப்புக் கூரைகள், கல்லுப் பதித்த ஒழுங்கைகள், சந்தைச் சதுக்கம். சனிக்கிழமை மத்தியானம் ஆற்றங்கரையால் போய்க்கொண்டிருந்தபோது எனக்கு முன்னால் நடந்த அக்கா சட்டென்று நின்றார். நடந்துகொண்டிருக்கும்போது அவர் தானாக நின்று நான் கண்டது அதுதான் முதல் தடவை. ஆற்றுக்குக் குறுக்கே கரைக்குக் கரை தாழ்வாக ஒரு கட்டுக் கட்டியிருந்தார்கள். ஆறு முழுவதும் அதன் மேலால் வழிந்து வெள்ளையாக விழுந்தது. பெரிய உயரமில்லை. ஆனால் இரைச்சல்.

அக்கா கண்ணை மூடினார். நான் அழப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, போகிறவர்கள் திரும்பிப் பார்க்கச் சிரித்தார்.

"அன்ரி எங்களைப் பேய்க்காட்டிப் போட்டா!" என்றார். "இதையோ நாங்கள் கடல் எண்டு கும்பிட்டனாங்கள்!"

பிறகு பார்த்தால் அந்த ஆற்றில் இன்னும் சில இடங்களிலும் அப்படி இருந்தது. எதன் சத்தம் அந்த அறைக்குள் கேட்டது என்று தெரியாது. அக்கா அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. எல்லாவற்றின் கரையிலும் போய் நின்று கேட்டார்.

அடுத்த கிழமை அவருடைய கணவர் எனக்கு எடுத்தார். என் இலக்கத்தை அவசரத்துக்கு என்று அக்காதான் கொடுத்திருந்தார்.

"தங்கச்சி, நான் ஒஷாவாவில இருந்து, அக்கான்ரை மனுசன் கதைக்கிறன். அம்மா குளியலறையில விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. அக்காவை வரச் சொன்னா, இடையில வந்தா டிகிரி இல்லை எண்டுறா. எனக்கு ஒண்டு சொல்லும். உந்தப் படிப்புக்கு உங்க வந்து நிக்க வேணும் எண்டு கட்டாயமோ?"

குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான். எங்கேயோ தெருக்கரையில் ரக்கை நிறுத்திவிட்டுக் கதைக்கிறார் போல, வாகனங்கள் விர் விர் என்று போயின.

"அண்ணை, அதை நீங்கள் அக்காட்டையே கேளுங்கோ," என்றேன்.

"சரி, விளங்குது," என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். "சரியாத்தான் சொல்லியிருக்கிறீர்," என்றார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். நானும் போனேன். ஜெர்மனிக்குப் போகிற பாலத்தின் நடைபாதையில் ஏறி, நடந்தபடி கணவருக்குப் போன் எடுத்தார்.

"இஞ்சேருங்கோ. கட்டாயமில்லை. நான் கேட்டு வந்தனான்."

காற்றுக்குள் அந்தப் பக்கத்துக் குரல் எனக்குக் கேட்கவில்லை.

"ஏனெண்டா, ஊர் பாக்க." பிறகு, "ஓம், ஊர் பாக்கத்தான்." பிறகு, "மாமியை எனக்குப் பாக்கத் தெரியும். பதினாறு வருசமாப் பாத்தனான். ஜூனில வந்து திரும்பவும் பாப்பன்." பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அண்ணை வைத்துவிட்டிருந்தார்.

இரண்டு கிழமை ஒஷாவாவிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடிக்காதபோது அக்கா இன்னும் வேகமாக நடந்தார். ஸ்ருட்கார்ட்டில் ஒருநாள் நான் பின்தங்கி அவரைத் தொலைத்தே விட்டேன். இந்த மனுசி திரும்பிப் போகாமலே விடக்கூடும் என்ற எண்ணம் அன்றுதான் எனக்கு வந்தது. பயமாக இருந்தது. நிலையத்து வாசலில் காத்திருந்தேன். பின்னேரம் வந்தார். "திரும்பி வாற வழி பிழைச்சுப் போச்சு," என்று மட்டும் சொன்னார்.

மார்ச் விடுமுறைக்கு அண்ணை வந்தார். முன்னறிவிப்பு, விமானம் ஏறுமுன் போட்ட ஒரு வரிச் செய்தி மட்டும். மாமியைத் தன் தங்கையின் வீட்டில் விட்டுவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பெரிய உருவம், அதற்குப் பொருத்தமில்லாத மெல்லிய குரல். மகளுக்குப் பதின்மூன்று வயது. தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்து விட்டிருந்தாள். தாயை அணைத்துக்கொண்டாள், உடனேயே விலகியும் கொண்டாள்.

"கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான்," என்று அண்ணை என்னிடமே சொன்னார், அக்காவுக்குக் கேட்கத்தக்கதாக.

"அதுக்கு முதல் ஒரு இடம் போவம்," என்றார் அக்கா. "தங்கச்சியும் வரட்டும். நாலு பேர் எண்டா மகளுக்குத் துணை."

அந்தச் சனிக்கிழமை பிராக்கில் அக்கா மகளை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தார். அவர் பின்னால் நடந்து நான் பார்த்ததில்லை. "இதால திரும்பு. இப்ப ஒரு பச்சைக் கதவு வரும். அதுக்கங்கால படி." வரைபடம் இல்லாமல் எல்லாம் சொன்னார். மகள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆற்றங்கரைக்கு வந்ததும் அக்கா, "கண்ணை மூடு, பிள்ளை," என்றார்.

"வை?"

"மூடன்."

மூடினாள். தொப்பியை அக்கா மெதுவாக மேலே தூக்கிக் காதை விலக்கி விட்டார். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. போர்வையையும் பாயையும் ஊர்காவற்றுறை அன்ரியையும்பற்றி அக்கா குரலை உயர்த்தாமல் சொல்லி முடித்தார். மகள் வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"ஸீ மாதிரித்தான் கேக்குது, அம்மா," என்றாள். பிறகு திரும்பித் தாயின் குளிர்ச்சட்டைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

அண்ணை இரண்டு கையையும் பொக்கற்றுக்குள் விட்டபடி எட்ட நின்றார். அவருக்கும் இது புதுக் கதை என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அக்கா அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலை நானும் மகளும் அக்காவையும் அண்ணையையும் கூப்பிட அவர்களுடைய அறைக்குப் போனோம். அண்ணை உடுத்துச் சப்பாத்தும் போட்டுக் கட்டில் நுனியில் இருந்தார். ரிவியில் செய்தி. கீவ் நகரத்தில் குண்டு விழுந்திருந்தது. ஒரு நிலவறைக்குள் சனம் போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரோடு சுவராக இருப்பதைக் காட்டினார்கள்.

"நீங்கள் போங்கோ. நான் வரேல்லை," என்றார்.

"ஏனப்பா, காய்ச்சலோ?" அக்கா நெற்றியைத் தொடப் போனார்.

"கனடாவுக்கு வாற வழியில நான் இருந்தது உங்கதான்," என்று ரிவியைக் காட்டினார். "ஒரு வருசத்துக்குக் கிட்ட. உப்பிடித்தான் ஒரு நிலவறை. இருவது பெடியள். நீ சொன்ன மாதிரித்தான், கதைக்கேலாது. சத்தமில்லாமச் சீட்டு விளையாடுவம். தோத்தவன் மற்றவன்ரை காலைப் பிடிச்சுவிட வேணும்." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "மேல வீட்டில ஒரு புருசனும் பெண்சாதியும் இருந்தவை. பிள்ளை ஒண்டு, ஓடித்திரியும். அந்தக் கால்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பன். எவ்வளவு குடுத்துவைச்சதுகள் எண்டு நினைப்பன். இப்ப அதுகளும் கீழ வந்திருக்குங்கள்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"எனக்கு அந்த ஊரைப் பாக்க வேணும் எண்டு நேற்றுத்தான் ஆசை வந்தது," என்றார். "இப்ப போகேலாது."

அக்கா பையைத் தோளிலிருந்து இறக்கினார். ரிவியை நிறுத்தினார். "நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ," என்று எங்களுக்குச் சொல்லிவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தார். நுனியில் இல்லை, சுவரில் முதுகைச் சாய்த்து, காலை மேலே மடக்கி.

நானும் மகளும் அன்று முழுவதும் நகரத்தைச் சுற்றினோம். பின்னேரம் திரும்பி வந்தபோதும் இருவரும் அந்த இடத்திலேயே இருந்தார்கள். கட்டிலில் தேத்தண்ணிக் கோப்பைகள். அண்ணை கதைத்துக்கொண்டிருந்தார். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே நல்ல வெயில் அடித்திருந்தது, அதைப்பற்றி அக்கா ஒருக்கால்கூடக் கேட்கவில்லை.

அண்ணை அக்காவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. "முடிச்சிட்டு வா," என்று சொல்லிவிட்டு மகளோடு விமானம் ஏறினார். அக்கா ஜூன் வரைக்கும் நின்றார். ஒரு பாடத்தில் தவறினார், மற்றதெல்லாம் சித்தி.

ரொறன்ரோவுக்கு வந்த பிறகு நாங்கள் அடிக்கடி சந்திக்கவில்லை. எங்கள் வீட்டார் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிப் போனார்கள். எனக்கு வேலை கிடைத்தது. அக்காவுக்கும் ஒஷாவாவிலேயே ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை. அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, "வீட்டை ஆக்கள் வந்திருக்கினம், வாரும். எல்லாரும் நயாகரா போவம்," என்று கூப்பிட்டார்.

வந்திருந்தவர்கள் கீவ்விலிருந்து ஓர் இளம் தாயும் கைக்குழந்தையும். இருக்க இடம் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அண்ணைதான் கூட்டி வந்தாராம். மாமி தன் மகள் வீட்டோடு இருந்துவிட்டதால் மேல் அறை வெறுமையாக இருந்தது. பேஸ்மென்ற்றும் தனிக் குசினியோடு வசதியாகச் சும்மா கிடந்தது. அதையே கொடுப்போம் என்று அக்கா சொல்ல, "நிலத்துக்குக் கீழ வேண்டாம்," என்று அண்ணை ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார்.

நான் போனபோது அக்கா காரைத் திறந்து, குழந்தை இருக்கை பூட்டி, சாப்பாடு கட்டி, பழங்கூடையும் வைத்து, படிக்குப் படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். முதல் சனிக்கிழமை அந்தப் பெண் மரியாதைக்கு அக்காவோடு எங்கேயோ போனாளாம். அன்று மேலே போய்க் கேட்டபோது, வாசலில் நின்று மிகவும் தயங்கி, கிடைத்த ஆங்கிலத்தில், தனக்கு நித்திரை கொள்ள வேண்டும் என்றாள். சத்தமில்லாத ஓர் அறைக்குள் கதவைச் சாத்திவிட்டுப் படுத்துக் கனகாலம் என்றாள்.

அக்கா கீழே வந்து காருக்குப் பக்கத்தில் நின்றார். மேல் யன்னலில் திரைச்சீலை மெதுவாக மூடப்பட்டது. அக்காவின் முகம் சுருங்கியது. திரும்பிப் போய்க் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு அடி வைத்தும் விட்டார்.

பிறகு குழந்தை இருக்கையின் வாரைக் கழற்றி, அதைப் படியில் கொண்டுபோய் வைத்தார்.

"அவவுக்கு இருக்க வேணும்போலக் கிடக்கு," என்றார். "இருக்கட்டும். எனக்குத்தான் ஏலாது. ஏறும்."

"நயாகராவுக்கோ அக்கா?"

"அது கன தரம் பாத்தாச்சு. கிழக்கால போவம். களைச்ச உடனை திரும்புவம்."

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடி, கிங்ஸ்ரன் தாண்டியும் அவர் களைக்கவில்லை.